பனிமலையில் கோதண்டம் நிலைக்கு வந்த கதை

மந்தைக்குளம் என்ற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அது உங்கள் குற்றமில்லை. அந்த ஊர்க்காரர்கள் வெளியே அதிகம் போவதில்லை. போனாலும், 'கிளம்புங்க' என்று யாராவது சொல்லும்வரை போன இடத்தைவிட்டு நகர்வதில்லை. மற்றபடி தங்கமான மனிதர்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறும் அதுதான்.

அந்த ஊரில் பெரிய தேர் ஒன்று உண்டு. தேரோட்டம் என்றால் வடம் பிடிக்கிறவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். இழுக்க ஊரே திரண்டு வரும். நிறுத்துவதற்கு நாலே பேர்தான். கையில் முட்டுக்கட்டையோடு சக்கரத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து போவார்கள். தலைவர் வைரப்பன் கையைத் தூக்கினால் கட்டைகள் சக்கரத்தடியில் போய்ச் செருகிக்கொள்ளும். அத்தனை பெரிய தேரும் ஒரு முனகலோடு நின்றுவிடும். இதில் அவர்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமே வேண்டாம்.

ஒரு வருஷம், தேர் கீழவீதியில் நின்றபோது, "நான் சொல்றவரைக்கும் கட்டையை எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு தர்மகர்த்தா சாப்பிடப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே துக்கச் செய்தி ஒன்று வந்து, அப்படியே கும்பகோணம் போய்விட்டார். காரியமெல்லாம் முடித்து அவர் திரும்பும்வரை தேர் கீழவீதியிலேயே நின்றது. ஊரே வந்து கெஞ்சியும் வைரப்பன் மசியவில்லை. நைவேத்தியம் கீழவீதிக்கே வந்தது. அதைப் பற்றி இப்போது பேசினாலும் அவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்த நாலு பேரில் இளையவன் கோதண்டம், வைரப்பனின் அக்கா மகன். மற்ற இருவரில் சோணையன் பலசாலி, ஒற்றை ஆளாகவே பெரிய கட்டையைத் தூக்குவான். குழந்தைவேலு யோசிக்கிறவன். யோசிக்கும்போது வாய் லேசாகத் திறந்திருக்கும். மூடினால் யோசனை முடிந்தது என்று அர்த்தம்.

பிறகு ஒரு வைகாசித் தேரோட்டத்துக்கு ஹவில்தார் சிங்காரவேலு வந்திருந்தார். சொந்த ஊர் மந்தைக்குளம்தான். பட்டாளத்தில் சேர்ந்து பனிமலைப் பக்கம் போனவர், ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே தங்கிப் பனிச்சறுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறார். கூடவே மகள் பர்வதம். அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதே அவள்தான்.

கோதண்டம் கட்டை போட்டு நிமிர்ந்தபோது எதிரே பர்வதம் நின்றுகொண்டிருந்தாள்.

"கட்டை போட லேட்டாயிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"தேர் வளையல் கடைக்குள்ள போயிடும்" என்றான் கோதண்டம்.

"போயிருக்கா?"

"இல்லைங்க. வளையல்காரர் நல்லவரு."

இதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, பர்வதத்துக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. கோதண்டத்தின் நிலையைக் கேட்கவே வேண்டாம். அடுத்த வீதியில் அவன் போட்ட கட்டை சக்கரத்துக்கு அடியில் விழாமல் நாதஸ்வரக்காரர் காலடியில் விழுந்தது. விஷயம் பெரியவர்கள் காதுக்குப் போயிற்று. ஹவில்தார் யோசித்துப் பார்த்து ஒரு நிபந்தனை போட்டார்.

"என் மக பனியிலேயே வளர்ந்தவ. அவளைக் கட்டிக்கிறவன் அங்க வந்து இருக்கணும், பனிக்குப் பயப்படக் கூடாது. தை மாசம் வாங்க. மேல ஒரு சிவப்புக் கம்பம் இருக்கும், கீழ ஒரு பச்சைக் கொடி இருக்கும். கம்பத்துல இருந்து சறுக்கி வரணும். விழக் கூடாது. கொடியைத் தாண்டக் கூடாது. கொடிகிட்ட நிக்கணும். நின்னா கல்யாணம். இல்லைன்னா பேச்சை இத்தோட விட்டுடலாம்."

"நிக்கணும், அவ்வளவுதானே?" என்றார் வைரப்பன். "நிறுத்துறது எங்க தொழிலாச்சே ஹவில்தாரய்யா."

பர்வதம் கோதண்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே அவன் தை மாதம்வரை தள்ளினான்.

கிளம்புவதற்கு முன் பர்வதம் போனில் பேசினாள். "வரும்போது ஒண்ணு மேல ஒண்ணா மூணு சட்டை போட்டுட்டு, மேல ஸ்வெட்டரும் போட்டுட்டு வாங்க." அப்படியே வந்தார்கள். மந்தைக்குளத்தில் வீட்டு வாசற்படியைத் தாண்டும்போதே மூன்று சட்டையும் ஸ்வெட்டரும் போட்டாயிற்று. ரயில் சென்னையைத் தாண்டியது, விஜயவாடாவைத் தாண்டியது. நாலு பேரும் வேர்த்துக் கொட்டி, ஜன்னலோரம் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். எதிர் சீட்டுக்காரர் பார்க்கச் சகிக்காமல், ஒன்றையாவது கழற்றக் கூடாதா என்று சைகையில் கேட்டார்.

"போட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றான் கோதண்டம். "நாங்க இப்ப வந்துக்கிட்டுதானே இருக்கோம்."

பனிமலையில் இறங்கியபோது குளிர் எலும்பைத் துளைத்தது. ஆனால் மூன்று சட்டையும் வேர்வையில் நனைந்திருந்தன. நாலு பேரும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் தோளில் ஆளுக்கொரு முட்டுக்கட்டை இருந்தது.

"இது எதுக்கு?" என்றாள் பர்வதம்.

"நிறுத்தறதுக்கு, தாயி" என்றார் வைரப்பன். அதற்குமேல் அதை விளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டு விதமான சறுக்கல் இருந்தது. காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை கட்டிக்கொள்வது ஒன்று. இரண்டு காலையும் ஒரே அகலப் பலகையில் குறுக்காக வைத்து, பக்கவாட்டில் திரும்பி நின்று போவது இன்னொன்று. எது வேண்டும் என்று பர்வதம் கேட்டாள். நாலு பேரும் தனியாகப் போய்க் கலந்து பேசினார்கள். பக்கவாட்டில் ஓடுகிற தேரை மந்தைக்குளம் கண்டதில்லை என்று முடிவாகி, இரட்டைப் பலகையே போதும் என்றார்கள். சறுக்கப் போகிறவன் கோதண்டம் மட்டும்தான். ஆனால் அவன் தனியாகப் படித்தால் பாடம் பாதி மறந்துவிடும், நாலு பேர் படித்தால் ஆளுக்குக் கால்வாசி மறந்தாலும் முழுசாகத் தேறும் என்று குழந்தைவேலு கணக்குச் சொன்னான். அதனால் நாலு பேருமே சேர்ந்துகொண்டார்கள்.

"காலணியைப் பலகையில வச்சுக் குதிகாலை அழுத்துங்க" என்றாள் பர்வதம். "டக்குனு சத்தம் கேட்கும். சத்தம் கேட்டாத்தான் மாட்டியிருக்குன்னு அர்த்தம்."

மூன்று பேருக்கும் சத்தம் கேட்டது. சோணையனுக்கு மட்டும் கேட்கவில்லை. அழுத்தினான், மிதித்தான், குதித்தும் பார்த்தான். அவன் முகம் வாடியதைக் காணப் பொறுக்காமல் குழந்தைவேலு நாக்கை மடித்து 'டக்' என்று ஒரு சத்தம் கொடுத்தான்.

"கேட்டுச்சு" என்று சோணையன் நிம்மதியாகக் காலை எடுத்து வைத்தான். கால் மட்டும் வந்தது. பலகை நழுவித் தன் பாட்டுக்குச் சரிவில் இறங்கி, வளைந்து, பச்சைக் கொடிக்குப் பக்கத்தில் அழகாக நின்றது.

நாலு பேரும் அதை வெகுநேரம் பார்த்தார்கள்.

"பலகை தனியா போனா கொடிகிட்ட நிக்குது" என்றார் வைரப்பன்.

"அப்ப கெடுக்கறது ஆளுதான்" என்றான் குழந்தைவேலு.

"ஆள் இல்லாம அனுப்பிச்சா ஹவில்தாரய்யா பொண்ணு குடுப்பாரா?"

"பலகைக்கா?"

எல்லோரும் பாடத்துக்குத் திரும்பினார்கள்.

"முழங்காலை மடக்கி நில்லுங்க. நான் சொல்றவரைக்கும் நிமிராதீங்க" என்றாள் பர்வதம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேலே யாரோ விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கொள்ள, அவள் ஓடினாள். அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கட்டுப் போட்டுத் திரும்பிய அவருக்கு ஆறுதலும் சொல்லிவிட்டு, அங்கிருந்தவர்களோடு ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தாள். சரிவின் அடியில் சுற்றுலா வந்தவர்கள் கூட்டமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நாலு பேரும் முழங்காலை மடக்கியபடியே நின்றிருந்தார்கள். தொடைகள் கிடுகிடுவென்று ஆடின. வைரப்பன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கீழவீதியை நினைத்துத் தெம்பு ஏற்றிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

"ஐயோ, நிமிருங்க" என்றாள் பர்வதம். "கால் வலிக்கலையா உங்களுக்கு?"

"வலிக்குது" என்றான் கோதண்டம். "நீங்க சொல்லலையே."

பர்வதத்துக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இவ்வளவு சொல் கேட்கிற மனுஷன் ஒருவனை அவள் அந்த மலையிலேயே பார்த்ததில்லை. அன்று மாலை எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் காலில் தேய்க்கச் சொல்ல மட்டும் மறந்துவிட்டாள். நாலு பேரும் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே தூங்கினார்கள்.

மறுநாள் விழுவதற்குப் பாடம். "முதல்ல விழக் கத்துக்கணும். பயம் வந்தா, வேகம் கூடினா, பக்கவாட்டுல சாய்ஞ்சு விழுந்துடுங்க. அடிபடாது" என்றாள். இது அவர்களுக்கு உடனே வந்துவிட்டது. நின்ற இடத்தில் விழுந்தார்கள், நடக்கும்போது விழுந்தார்கள். டீக்கடையில் கடைக்காரர் வேகமாக வந்து கிளாஸை வைத்தபோது, வேகம் கூடிவிட்டது என்று நாலு பேரும் பெஞ்சிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்தார்கள். ஒருவருக்கும் அடிபடவில்லை.

"விழறதுல தேறியாச்சு" என்றார் வைரப்பன் பெருமையாக.

கோதண்டத்துக்குத்தான் ஒரு சந்தேகம். "மாமா, விழக் கூடாதுன்னு அவங்கப்பா சொல்லியிருக்காரே."

எல்லோரும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

"விழக் கத்துக்குடுத்துட்டு விழக் கூடாதுன்னா எப்படி?" என்றான் சோணையன்.

குழந்தைவேலு வாயைத் திறந்து யோசித்து, மூடினான். "இது அவங்க வீட்டு வழக்கமா இருக்கும். நாம சமைக்கக் கத்துக்கிட்டு விரதம் இருக்கறதில்லையா, அந்த மாதிரி."

அது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. கோதண்டம் அன்றிலிருந்து விழுவதை நிறுத்தினான். உண்மையில் அவனுக்குச் சறுக்கல் நன்றாகவே வந்தது. காலம் முழுதும் தேர்ச்சக்கரத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தவனுக்குக் கால் தானே நிதானம் பிடித்துக்கொண்டது. நேராக வந்தான், தள்ளாடாமல் வந்தான், முழங்காலை மடக்கி வந்தான். நிற்பது மட்டும் வரவில்லை. கொடியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஒவ்வொரு முறையும் வைக்கோல் போரில் போய் முட்டிக்கொண்டுதான் நின்றான். வைக்கோல் போருக்குச் சொந்தமான மாடு அவனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பரீட்சை நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கோதண்டத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பி, அந்தத் தேருக்குக் கட்டை போட்டு நிமிரும்போது எதிரே பர்வதம் இருக்கமாட்டாள் என்ற நினைப்பு வந்துவிட்டால் மனசு பாறையாகக் கனத்தது.

பர்வதமும் அதைக் கவனித்தாள். அவர்களுக்குப் புரிகிற விதமாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். பாவம், நல்ல எண்ணத்தில்தான் செய்தாள்.

"ரெண்டு பலகைக்கும் முன்முனையைச் சேர்த்து வைங்க. பின்முனையை அகட்டுங்க. பாருங்க, உங்க முட்டுக்கட்டை மாதிரியே ஆயிடும். வண்டி நின்னுடும்" என்றாள்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே தாயி" என்றார் வைரப்பன். "முட்டுக்கட்டை போடணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் மாமா. கோதண்டம், நீங்க போடுங்க பார்ப்போம்."

"அவன் எப்படிப் போடுவான்?" என்றார் வைரப்பன்.

"ஏன், அவர்தானே சறுக்கறார்?"

"அதனாலதான் கேட்கறேன். அவன்தானே தேரு. தேரு தனக்குத்தானே கட்டை போட்டுக்குமா? அப்படின்னா நாங்க எதுக்கு?"

பர்வதம் வாயைத் திறந்தாள். குழந்தைவேலு அவளைப் பார்த்து, யோசிக்கிறாள் என்று மரியாதையாகக் காத்திருந்தான். அவள் சொல்லச் சொல்லக் கோதண்டமும் தலையாட்டினான். ஆனால் மாமா சொன்னதில் இருந்த நியாயமும் அவனுக்குத் தெரிந்தது. ஓடுகிறது ஒன்று, நிறுத்துகிறது இன்னொன்று. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

அன்றே வெள்ளோட்டம் பார்த்தார்கள். கோதண்டம் கையைக் கட்டிக்கொண்டு, தேருக்கு உரிய அடக்கத்தோடு சரிவில் இறங்கினான். கொடிக்கு முன்னால் வைரப்பன் கையைத் தூக்க, இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டை போட்டார்கள். பலகை கட்டைமேல் ஏறியது. கோதண்டம் ஆகாயத்தில் கொஞ்ச தூரம் போய், வைக்கோல் போருக்கு மேல்புறமாக வந்து சேர்ந்தான். மாடு எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டது.

வைரப்பன் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். ஊரில் எது தவறாகப் போனாலும் அவர் சொல்கிற காரணம் ஒன்றுதான். "கட்டை மெல்லிசு" என்றார்.

பெரிய கட்டை போட்டார்கள். கோதண்டம் இன்னும் உயரமாகப் போனான்.

பரீட்சைக்கு முந்தின நாள், சாப்பாட்டு மேசையில் எல்லோரும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தைவேலு மட்டும் வெகுநேரமாக வாயைத் திறந்தபடி இருந்தான். சோணையன் அதில் ஒரு உருளைக்கிழங்கைக்கூட வைத்துப் பார்த்தான். கடைசியில் குழந்தைவேலு அதை மென்று விழுங்கிவிட்டு வாயை மூடினான்.

"நம்ம ஊர்ல தேர் நின்ன இடத்துலதானே தேங்காய் உடைக்கறோம்?"

"ஆமா."

"அர்ச்சனைத் தட்டு தேர் நிக்கிற இடத்துக்கு வருது. தட்டு இருக்கிற இடத்துக்கா தேர் போகுது?"

"அது எப்படிப் போகும்? மரியாதையா இருக்காதே" என்றார் வைரப்பன்.

"அப்ப கொடிதானே கோதண்டத்துகிட்ட வரணும்?"

மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு எழுந்தது. இத்தனை நாள் மரியாதைக் குறைவான ஒரு காரியத்துக்கு அல்லவா பாடுபட்டுக்கொண்டிருந்தோம் என்று எல்லோருக்கும் வெட்கமாகிவிட்டது. கொடியைச் சோணையன் தூக்கிவருவது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை வெயில் பளிச்சென்று இருந்தது. ஹவில்தார் விசிலோடு பச்சைக் கொடிக்குப் பக்கத்தில் நின்றார். சோணையன் கொடிக்கம்பை ஆசையாகப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதோ பிடித்திருக்கிறது, பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று ஹவில்தார் விட்டுவிட்டார். மேலே, சிவப்புக் கம்பத்தருகில் பர்வதம் கோதண்டத்தின் காலணிகளை இறுக்கிவிட்டாள்.

"பயமா இருக்கா?"

"பனிக்கு இல்ல" என்றான் கோதண்டம். "நீங்க இல்லாம ஊருக்குத் திரும்பணுமேன்னு பயமா இருக்கு."

பர்வதம் அவன் காலணியை இன்னொரு முறை இறுக்கினாள். பிறகு, "வேற எதையும் நினைக்காதீங்க. நான் கொடிகிட்ட போய் நிக்கிறேன். என்னையே பார்த்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுச் சறுக்கிப் போய்விட்டாள்.

ஹவில்தார் விசில் ஊதினார். கோதண்டம் இறங்கினான். வைரப்பனும் குழந்தைவேலுவும் கட்டையோடு அவனுக்கு முன்னால் ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. தங்களைவிட வேகமாகப் போகிற தேரை அவர்கள் அதுவரை கண்டதில்லை. நாலு எட்டு வைப்பதற்குள் தேர் போய்விட்டது. கட்டையை அணைத்துக்கொண்டு இரண்டு பேரும் பின்னாலேயே உருண்டு வந்தார்கள்.

கோதண்டம் அருமையாக வந்தான். முழங்கால் மடக்கம் சரி, தலை நிமிர்வு சரி, கண் பர்வதத்தின்மேல் இருந்தது. அவள் இரண்டு கையையும் முன்னால் சேர்த்து, முட்டுக்கட்டை போலக் காட்டினாள். தன்னைக் கும்பிடுகிறாள் என்று நினைத்துக் கோதண்டம் பதிலுக்குக் கும்பிட்டான். அவன் கொடியை நெருங்கிய சமயத்தில் சோணையன் கம்பை வேரோடு பிடுங்குவதுபோல் பிடுங்கி, அதை மடியில் வைத்து, பனியில் உட்கார்ந்து, ஒரு தள்ளு தள்ளிக்கொண்டான்.

இப்போது கொடி முன்னால் போயிற்று. கோதண்டம் பின்னால் போனான். ஹவில்தார் விசில் ஊதினார். இரண்டாவது விசிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

வைக்கோல் போர் வந்தது. கோதண்டம் அதற்கு நேராகப் போய்க்கொண்டே, தலையை மட்டும் திருப்பிப் பர்வதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் பர்வதத்துக்கு விளங்கியது. அவன் எங்கே போகிறான் என்பது அவள் எங்கே இருக்கிறாள் என்பதைப் பொறுத்தது. ஒரே பாய்ச்சலில் அவனைத் தாண்டி முன்னால் வந்தாள். திரும்பி, அவனைப் பார்த்தபடி பின்பக்கமாகவே சறுக்கினாள். தேருக்கு முன்னால் கட்டைக்காரர்கள் போவதுபோல்தான் போனாள். அவள் இடப்பக்கம் வளைந்தால் அவனும் வளைந்தான். வைக்கோல் போர் தப்பியது. டீக்கடை தப்பியது. பள்ளிக்கூடத்து முற்றம் வழியாக, அப்பளம் காய்ந்துகொண்டிருந்த கட்டிலுக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் புகுந்து, பேருந்து நிலையத்துக்குப் போகிற சாலையில் இறங்கினார்கள்.

பேருந்து நிலையம் சமதரை. அங்கே வந்ததும் வேகம் தானாகக் குறைந்தது. சோணையன் புறப்படத் தயாராக நின்ற பேருந்தின் முன்சக்கரத்தில் முதுகை முட்டி நின்று, கொடியை நட்டமாகப் பிடித்தான். கோதண்டம் மெதுவாக, மெதுவாக ஊர்ந்து வந்து, கொடிக்கு ஒரு கை தூரத்தில் நின்றான். பர்வதத்தின் மூக்குக்கும் அவன் மூக்குக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

அவன் நின்று வெகுநேரம் கழித்து வைரப்பனும் குழந்தைவேலுவும் பனி மனிதர்களாக உருண்டு வந்தார்கள். எழுந்தார்கள். பலகைகளுக்கு முன்னும் பின்னும் கட்டையைச் செருகினார்கள்.

"நிறுத்தியாச்சு" என்றார் வைரப்பன்.

ஹவில்தார் வந்து சேர்ந்தார். முகம் சிவந்திருந்தது. பேச வாயெடுத்தவரைப் பர்வதம் முந்திக்கொண்டாள்.

"அப்பா, விழுந்தாரா?"

"விழல."

"கொடியைத் தாண்டினாரா?"

ஹவில்தார் கொடியைப் பார்த்தார், சோணையனைப் பார்த்தார். "தாண்டல."

"இப்ப எங்க நிக்கிறார்?"

ஹவில்தார் பட்டாளத்துக்காரர். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் மனதுக்குள் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் சந்து கிடைக்கவில்லை. "கொடிகிட்டதான் நிக்கிறான்" என்று ஒப்புக்கொண்டார். "சரி, கல்யாணத்துக்கு நாள் பார்த்துடலாம். வாங்க மாப்பிள்ளை, வீட்டுக்குப் போகலாம்."

கோதண்டத்துக்கு ஒரே சந்தோஷம். காலை எடுக்கப் போனான். வைரப்பன் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"எங்க போற? தேரு நிலைக்கு வந்தாச்சு. நிலைக்கு வந்த தேரை யாராவது நகர்த்துவாங்களா? இனி அடுத்த தைதான்."

சோணையனும் குழந்தைவேலுவும் தலையாட்டினார்கள். இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. கோதண்டத்தின் முகம் சுருங்கிப்போயிற்று. ஜெயித்தாகிவிட்டது, ஆனால் ஒரு வருஷம் பேருந்து நிலையத்தில் நிற்க வேண்டும். அவன் மறுத்துப் பேசவில்லை, அது நியாயம் என்று அவனுக்கும் தெரியும். ஹவில்தார் உத்தரவு போட்டுப் பார்த்தார், கத்திப் பார்த்தார், கடைசியில் அவரே கட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மந்தைக்குளத்துக்காரர்கள் போட்ட கட்டை அது. பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்தார். குழந்தைவேலு மேலே பார்த்து, கொட்டகை போட எத்தனை தகரம் வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

பர்வதம்தான் கேட்டாள். "மாமா, தேர் நிலைக்கு வந்ததும் சாமி என்ன பண்ணும்?"

"இறங்கிக் கோயிலுக்குப் போயிடும் தாயி."

"அப்ப தேர் எது, சாமி எது?"

வைரப்பன் பலகையைப் பார்த்தார். கோதண்டத்தைப் பார்த்தார். மற்ற இருவரையும் அழைத்துக்கொண்டு பேருந்துக்குப் பின்னால் போய் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, கோதண்டத்தின் காலணிகளைத் தானே விடுவித்தார். ஆனால் சாமி நடந்து போகாது என்பதால் மூன்று பேரும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். முன்னால் பச்சைக் கொடியைப் பர்வதம் பிடித்து வந்தாள். வெட்கம் தாங்காமல் கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அவளைப் பார்க்க வேண்டுமே என்று திறந்துகொண்டான்.

மாசியில் கல்யாணம் நடந்தது. பலகைகள் நிலையிலேயே இருந்தன, மேலே தகரக் கொட்டகையோடு. அதனால் அந்த ஊர்ப் பேருந்து நேராகக் கிளம்ப வழியில்லாமல், அன்றிலிருந்து ரிவர்ஸிலேயே அடுத்த ஊர்வரை போகிறது. ஓட்டுநருக்குப் பழகிவிட்டது. பயணிகளும் சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

அடுத்த தை வந்தது. வைரப்பனும் மற்றவர்களும் மூன்று சட்டையோடு மந்தைக்குளத்திலிருந்து வந்து இறங்கினார்கள். கொட்டகையைப் பிரித்தார்கள், பலகைகளுக்கு மாலை போட்டார்கள், கோதண்டத்தை ஏற்றி வடம் கட்டினார்கள். அந்த ஊரில் வீதி ஒன்றுதான் இருந்தது. அதையே நாலு தடவை சுற்றினார்கள். இந்த வருஷம் முன்னால் ஒரு சின்னத் தேரும் போயிற்று. பிள்ளையார் தேர்தானே முதலில் போக வேண்டும்? ஒரு சின்ன வண்டி, அடியில் இரண்டு குட்டிப் பலகை, உள்ளே இரண்டு மாதக் குழந்தை. பர்வதம் அதைத் தள்ளிக்கொண்டு போனாள். அதற்கென்று வைரப்பன் ஊரிலிருந்தே கையகலத்தில் ஒரு முட்டுக்கட்டை செதுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

பாதி வீதியில் குழந்தை வீறிட்டு அழுதது. வைரப்பன் கையைத் தூக்கினார். சோணையன் ஓடிப்போய் வண்டிக்கு அடியில் கட்டையை வைத்தான். வண்டி நின்றது. அழுகை நிற்கவில்லை.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். குழந்தைவேலு வாயைத் திறந்தான். கோதண்டம் கவலையோடு மாமாவின் முகத்தைப் பார்த்தான். வைரப்பன் கட்டையை எடுத்து, இரண்டு விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார்.

"கட்டை மெல்லிசு" என்றார்.